இரண்டு வாசல்களுக்கு நடுவே ஒரு குப்பைத் தொட்டி

வேலூரின் பழைய தெருக்களில் வீடுகள் ஒன்றோடொன்று சுவர் ஒட்டி நிற்கும். சைதாப்பேட்டையானாலும் கொசப்பேட்டையானாலும் சேண்பாக்கமானாலும், ஒடுக்கமான மனை, இரண்டு மூன்று படிக்கட்டு, படியை ஒட்டிச் சாக்கடை, அதைத் தாண்டினால் தெரு என்பதுதான் பல வீடுகளின் முன்புறம். இப்படிப்பட்ட வீட்டில் குப்பை பக்கெட்டை எங்கே வைப்பது என்பதற்கு நல்ல விடை கிடையாது. வாசலுக்கு நேராக வைத்தால் படியேற முடியாது. ஓரமாக ஓரடி தள்ளினால் அது அடுத்த வீட்டு வாசலில் போய் நிற்கும். இரவில் ஒருவர் ஓரடி தள்ளுவதும், விடியற்காலையில் மற்றவர் அதைத் திரும்ப ஓரடி நகர்த்துவதுமாகச் சில நாள் போன பிறகு, ஏதோ ஒரு காலையில் தெருவே கேட்கும்படி சண்டை வெடிக்கிறது.

எங்கள் தெருவில் நடந்ததையே சொல்கிறேன். ஒரு வீட்டில் அறுபதைத் தாண்டிய அம்மா ஒருவர் இருக்கிறார். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த பெண், வெளியூரில் உள்ள ஷூ கம்பெனி ஒன்றில் வேலை செய்பவர். அவரை ஏற்றிச் செல்லும் கம்பெனி பஸ் காலை ஆறேகாலுக்குத் தெருமுனைக்கு வந்துவிடும். குப்பை வண்டி எட்டு மணிக்கு மேல்தான் அந்தப் பக்கம் வரும். அதனால் அவர் இரவே பக்கெட்டை வெளியே வைத்துவிட்டுப் படுப்பார். தன் வாசலில் கணவரின் பைக் நிற்பதால், இரண்டு வீட்டுக்கும் பொதுவாகத் தோன்றிய சாக்கடை ஓரத்தில் வைப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு பிரியாணி எலும்பும் தயிர் வெங்காயமும் அந்தப் பக்கெட்டில் இருந்தன. தெரு நாய்கள் அதைக் கவிழ்த்து இழுத்து, திங்கட்கிழமை விடிகாலையில் தண்ணீர் தெளிக்க வந்த அம்மாவின் வாசல் முழுவதும் இறைத்து வைத்திருந்தன.

"இன்னாம்மா, தொட்டிய எங்க வாசலாண்ட வெக்காதேன்னு எத்தினி வாட்டி சொல்றது?" என்று அவர் கேட்டார். "தெரு உங்க ஊட்டுதாம்மா? நாய் தள்ளிட்டா நான் இன்னாம்மா பண்றது?" என்று பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பெண் திருப்பிக் கேட்டார். இருவர் சொன்னதும் உண்மை என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது. அந்த ஆண்டு பொங்கலுக்கு இரண்டு வீட்டுக்கும் இடையில் தட்டு போகவில்லை, வரவில்லை.

இத்தகைய தகராறுகளைப் பற்றிப் பேசும்போது, "அவங்க குணம் அப்படி" என்று ஒருவரைச் சுட்டிக்காட்டி முடித்துவிடுவது வழக்கம். பல ஆண்டுகளாகப் பார்த்ததில், அப்படிச் சொல்வது பெரும்பாலும் தவறு என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். குப்பை வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரும் நேரத்துக்கும், வண்டி வந்து அதை ஏற்றிக்கொள்ளும் நேரத்துக்கும் நடுவே சில மணி நேர இடைவெளி இருக்கிறது. அந்த நேரத்தில் குப்பை எங்கே நிற்க வேண்டும், கவிழ்ந்தால் யார் அள்ள வேண்டும் என்று யாரும் பேசி வைப்பதில்லை. பேசி வைக்காத அந்த இடைவெளியில்தான் பக்கத்து வீட்டாரோடு பகை முளைக்கிறது. இந்த இடைவெளி எப்படி உண்டானது என்பதைத் தெரிந்துகொண்டால், தகராறை எந்த முனையில் பிடித்துத் தீர்க்கலாம் என்பதும் தெரியவரும்.

பழைய வட ஆற்காட்டுக் கிராமத்து வீடுகளில் குப்பைக்கென்று தனியே ஒரு பிரச்சினை இருந்ததாகச் சொல்ல முடியாது. சாதம் வடித்த கஞ்சியும் அரிசி களைந்த தண்ணீரும் காய்கறித் தோலும் கழனித் தொட்டிக்குப் போயின, மாடு குடித்தது. சாம்பலும் சாணமும் சருகும் புறக்கடை எருக்குழிக்குப் போயின. வருடத்துக்கு ஒருமுறை வண்டி கட்டி நிலத்துக்கு ஏற்றினார்கள். எருக்குழி இடத்தைப் பற்றிப் பங்காளிகளுக்குள் சண்டை வந்ததுண்டு. ஆனால் அது எருவுக்காக, அதாவது மதிப்புள்ள பொருளுக்காக வந்த சண்டை. இன்று யாரும் தனக்கு வேண்டும் என்று குப்பைக்குச் சண்டை போடுவதில்லை.

நகரத்தில் புறக்கடை சுருங்கி மறைந்தது. வேலூர் 1866-இல் நகராட்சியானது. 2008-இல் மாநகராட்சியாக உயர்ந்தது. பின்னர் சத்துவாச்சாரி, தாராபடவேடு முதலிய பகுதிகளும் சேர்ந்து இன்று 60 வார்டுகளோடு நான்கு மண்டலங்களாக இருக்கிறது. நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்குத் தெருமுனைத் தொட்டிகள் நினைவிருக்கும். முதலில் சிமென்ட் உறைகள். பிறகு லாரியில் தூக்கிக் கவிழ்க்கும் இரும்புத் தொட்டிகள். வீட்டில் சேர்ந்ததை எந்த நேரத்திலும் கொண்டுபோய் அதில் கொட்டிவிட்டு வரலாம். வீட்டுக்காரருக்கு அது வசதிதான். ஆனால் அந்தத் தொட்டி யார் வீட்டுச் சுவரை ஒட்டி இருந்ததோ அவருக்கு அது வருடம் முழுவதும் ஓயாத தொல்லை. தொட்டியை இரவோடிரவாக நகர்த்துவது, உள்ளே நெருப்பு வைப்பது, வேறு இடத்துக்கு மாற்றச் சொல்லிக் கவுன்சிலர் வீட்டில் போய் நிற்பது என்று ஒவ்வொரு தெருவிலும் ஒரு கதை இருந்தது.

தெருமுனையிலிருந்து அள்ளிய குப்பை நகர எல்லைக்குப் போய்க் குவிந்தது. வேலூருக்கு அப்படி வாய்த்த இடம் சதுப்பேரி. ஏரிப் பகுதியில் மலைபோல் குவிந்த குப்பை எரிந்து புகைந்ததையும், சுற்றியிருந்த ஊர்க்காரர்கள் எதிர்த்ததையும் இந்த ஊர்க்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு தெருவின் தொட்டிச் சண்டைக்கும் ஒரு நகரத்தின் கிடங்குச் சண்டைக்கும் அளவில்தான் வேறுபாடு. இரண்டிலும், அடுத்தவர் குப்பையை ஏன் நாங்கள் சுமக்க வேண்டும் என்பதே கேள்வி.

இந்தக் கேள்வி நாடு முழுவதும் எழுந்தது. அல்மித்ரா பட்டேல் என்பவர் 1996-இல் உச்ச நீதிமன்றத்தில் தொடர்ந்த பொதுநல வழக்கு, நகரக் குப்பைக்கென்று 2000-இல் மத்திய அரசு விதிகள் வெளியிடுவதற்குக் காரணமாயிற்று. அவற்றின் இடத்தில் 2016 ஏப்ரல் 8 அன்று திடக்கழிவு மேலாண்மை விதிகள் வந்தன. மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டு அபாயக் குப்பை என்று வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்க வேண்டும், பிரித்ததை வாசலில் வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அவற்றின் சாரம். 2026-இல் அறிவிக்கப்பட்ட புதிய விதிகள் இதை ஈரக் குப்பை, உலர் குப்பை, சுகாதாரக் கழிவு, தனிக் கவனம் வேண்டிய கழிவு என்று நான்காக்கி, ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாக வைத்தன. வீடு வீடாக வாங்கும் முறை வந்த பிறகு தெருமுனைத் தொட்டிக்கு வேலையில்லை. வேலூரிலும் தொட்டிகள் எடுக்கப்பட்டு, ஆங்காங்கே பிரித்தெடுக்கும் கொட்டகைகள் அமைக்கப்பட்டன.

இந்த மாற்றத்தை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். சதுப்பேரி போல இன்னொரு மலை எழும்பாமல் இருக்க இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. ஆனால் இதன் பக்கவிளைவு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். முன்பு தெருவுக்கு ஒன்றாக இருந்த தொட்டிச் சண்டை, தொட்டி எடுக்கப்பட்ட பிறகு வீட்டுக்கு ஒன்றாகப் பங்கு பிரிந்துவிட்டது. முன்பு நினைத்த நேரத்தில் கொண்டுபோய்க் கொட்டினோம். இப்போது வண்டி வரும்வரை குப்பையை வைத்திருக்க வேண்டும். வைத்திருக்க இடமுள்ள வீடும் உண்டு, இல்லாத வீடும் உண்டு. வண்டி வரும் நேரத்தில் ஆளுள்ள வீடும் உண்டு, பூட்டிக் கிடக்கும் வீடும் உண்டு. காந்தி நகரில் காம்பவுண்டு சுவரும் கேட்டும் உள்ள வீட்டுக்குச் சிரமமில்லாத ஒரு விதி, ஒரே நடையில் ஆறு குடித்தனம் இருக்கும் வீட்டில் தினசரிப் பிரச்சினையாகிறது.

வேலூரில் இந்த நேரப் பிரச்சினை சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது. ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கத்துத் தோல், காலணித் தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள், பெரும்பாலும் பெண்கள், விடிந்தும் விடியாததுமாகக் கிளம்புகிறார்கள். சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வெளிமாநிலத்திலிருந்து சிகிச்சைக்கு வந்து வாரக் கணக்கிலும் மாதக் கணக்கிலும் அறை எடுத்துத் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறவர்கள் ஏராளம். வண்டி எப்போது வரும், எந்த டப்பாவில் எதைப் போடுவது என்று அவர்களுக்கு யாரும் அவர்கள் மொழியில் சொல்வதில்லை. கவரில் கட்டி எங்கே ஏற்கெனவே குப்பை கிடக்கிறதோ அங்கே வைக்கிறார்கள். அங்கே குடியிருக்கும் வீட்டுக்காரர் பொறுமை இழக்கிறார். நோயாளியை வைத்துக்கொண்டு ஊர்விட்டு ஊர் வந்தவரோடு குப்பைக்காகச் சண்டை போடுவது பார்க்கவே வருத்தமான காட்சி.

அடுத்தது, பக்கெட்டுக்குள் என்ன நடக்கிறது என்பது. நம் நகரங்களின் வீட்டுக் குப்பையில் ஏறத்தாழ பாதி, சில இடங்களில் அதற்கும் மேல், சமையலறை ஈரக் குப்பைதான். சாதமும் குழம்பும் பழத்தோலும் கேரிபேக்கில் இறுகக் கட்டப்பட்டால் காற்று போகாது. காற்றில்லாத இடத்தில் வேலை செய்யும் நுண்ணுயிரிகள் ஹைட்ரஜன் சல்பைடு போன்ற நாற்றமுள்ள வாயுக்களை வெளியிடுகின்றன. அடியில் கறுப்புத் தண்ணீர் ஊறுகிறது. சித்திரை, வைகாசியில் வேலூர் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில், மிதமான ஊரில் இரண்டு நாளில் வரும் நாற்றம் ஒரே பகலில் வந்துவிடுகிறது. பாறையும் மலையும் சூழ்ந்த இந்த ஊரில் இரவிலும் புழுக்கம் எளிதில் இறங்குவதில்லை என்பதால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு படுக்கவும் முடியாது. பக்கத்து வீட்டுப் பக்கெட்டின் நெடி நேராகப் படுக்கையறைக்கு வருகிறது.

ஈயைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டு ஈ ஒரு தடவையில் நூறு முட்டைக்கு மேல் இடும். ஒரு நாளைக்குள் அவை புழுவாகும். நல்ல வெயில் காலத்தில் பத்து நாளுக்குள் புதிய ஈயாகப் பறக்கும். ஆகவே ஈரக் குப்பை தினமும் போய்விட்டால் பக்கெட்டில் ஈ பெருக வழியில்லை. அடியில் ஒட்டியதைக் கழுவாமல் வாரக் கணக்கில் விட்டால்தான் அங்கேயே ஒரு தலைமுறை பிறந்து வெளிவருகிறது. மழைக்காலத்தில் வேறு சிக்கல். மல்லாந்து கிடக்கும் பக்கெட் மூடி, கொட்டாங்குச்சி, டீ கப் ஆகியவற்றில் தேங்கும் நல்ல தண்ணீரில் டெங்கு பரப்பும் கொசு முட்டையிடும். அந்தக் கொசு பொதுவாகச் சில நூறு மீட்டருக்கு மேல் பறந்து போவதில்லை. ஒரு வீட்டு வாசலில் பிறந்த கொசு கடிப்பது அந்த வீட்டையும் பக்கத்து வீட்டையும்தான். தன் குழந்தைக்குக் காய்ச்சல் கண்ட தாய், பக்கத்து வீட்டு வாசலைப் பார்த்துக் கோபப்படுவதை வெறும் வீண் சண்டை என்று தள்ளிவிட முடியாது.

இவ்வளவும் உடம்பைப் பற்றியது. மனதைப் பற்றியது இன்னும் ஆழமானது. நம் ஊரில் வாசல் என்பது வெறும் நுழைவழி அல்லவே. விடிகாலையில் தண்ணீர் தெளித்து, பெருக்கி, கோலம் போட்டு வைத்த இடம் அது. வெள்ளிக்கிழமை மஞ்சள் குங்குமம் வைக்கும் நிலைப்படி அது. அதைச் செய்பவர் அந்த வீட்டுப் பெண். அவர் உழைப்பின் மேல் இன்னொரு வீட்டுக் குப்பை வந்து விழும்போது அவர் அவமதிக்கப்பட்டதாகவே உணர்கிறார். தொட்டிச் சண்டையில் முன்னுக்கு நிற்பவர்கள் பெரும்பாலும் பெண்களாக இருப்பதைப் பார்த்து, "பொம்பளைங்க சண்டை" என்று ஒதுங்கிக்கொள்ளும் ஆண்கள், வீட்டுக் குப்பையை எடுத்து வெளியே வைக்கும் வேலையும் வாசலைப் பெருக்கும் வேலையும் முழுக்க யார் தலையில் இருக்கிறது என்பதைப் பார்ப்பதில்லை.

சாதியைச் சொல்லாமல் இதைப் பேசினால் அது பாதிப் பேச்சாகவே இருக்கும். அடுத்தவர் குப்பையைத் தொடுவது இழிவு என்ற எண்ணம் நம் சமூகத்தில் ஊறிக் கிடக்கிறது. அந்த வேலை தலைமுறை தலைமுறையாகச் சில சாதியினர் மீதே சுமத்தப்பட்டு வந்ததும் அதனால்தான். கவிழ்ந்த பக்கெட்டை நிமிர்த்தி வைத்தால் இரண்டு நிமிடத்தில் முடியும் காரியத்துக்கு, "உன் குப்பைய நான் அள்ளணுமா?" என்ற சொல் அரை மணி நேரச் சண்டையை உண்டாக்குகிறது. வாடகைக்கு வந்தவர் இன்ன சாதி என்ற பேச்சு அடுத்த நிமிடமே அதில் கலந்துவிடுவதையும் கேட்டிருக்கிறேன். அப்படிக் கலந்த பிறகு அது குப்பைத் தகராறாக இருப்பதில்லை, சட்டமும் அதை வேறு விதமாகவே பார்க்கும். இதில் எந்தப் பக்கமும் சேராமல் இரண்டு வீட்டின் கோபத்தையும் வாங்கிக் கட்டிக்கொள்பவர் தூய்மைப் பணியாளர். பிரிக்காமல் கொடுத்த பக்கெட்டைக் கையால் கிளறிப் பிரிப்பவரும், இரவு நாய் இறைத்ததை அள்ளுபவரும் அவர்தான். உடைந்த பாட்டில் துண்டு, சுற்றாமல் போட்ட நாப்கின், ஊசி எல்லாம் அவர் கைக்கே வருகின்றன. நாப்கினையும் டயப்பரையும் காகிதத்தில் சுற்றித் தனியே கொடுக்க வேண்டும் என்று 2016 விதிகளே சொல்லியிருந்தும், இன்றும் பல வீடுகளில் அது பழக்கமாகவில்லை.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம். தகராறில் அடிக்கடி எழும் முதல் வாதம், "என் வீட்டுக்கு முன்னாடி இருக்கிற இடம் என்னுது" என்பது. பத்திரத்தில் உள்ள எல்லையோடு உரிமை முடிந்துவிடுகிறது. சாக்கடையும் அதற்கு அப்பாலுள்ள தெருவும் பொது இடம். ஆனால் பொது இடம் என்பதால் யார் வேண்டுமானாலும் குப்பை வைக்கலாம் என்றும் ஆகாது. தன் இடத்துக்கு வெளியே தெருவிலோ பொது இடத்திலோ சாக்கடையிலோ நீர்நிலையிலோ குப்பையை எறிவதையும் எரிப்பதையும் புதைப்பதையும் 2016 விதிகள் தடுத்தன. வீட்டுக்குள்ளேயே தகுந்த டப்பாக்களில் பிரித்து வைத்து, வாங்க வருபவரிடம் கொடுப்பதே குடியிருப்பவரின் கடமை என்றன. ஆகவே எங்கள் தெரு வழக்கில், "தெரு உங்க ஊட்டுதா" என்று கேட்ட பெண்ணின் வாதமும் சட்டப்படி நிற்காது, "எங்க வாசல்" என்ற அம்மாவின் வாதமும் முழுதாக நிற்காது.

பக்கத்து வீட்டாரின் குப்பையால் உண்மையிலேயே சுகாதாரக் கேடு வருமானால், முதலில் போக வேண்டிய இடம் வார்டு சுகாதார ஆய்வாளர். அபராதம் விதிக்கும் அதிகாரம் உள்ளாட்சிக்கு உண்டு. எழுத்தில் கொடுத்து, தேதியோடு ஒப்புகை வாங்கிக்கொள்வது நல்லது. பலர் நேராகப் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். அங்கே பெரும்பாலும் புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்து, இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசி, எழுதி வாங்கி அனுப்புவார்கள். பொதுத் தொல்லை என்பது குற்றம்தான். இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 292-ஆவது பிரிவு அதற்கு 1,000 ரூபாய் வரை அபராதம் சொல்கிறது. ஆனால் ஒரு பக்கெட் ஒரு வீட்டுக்கு மட்டும் தரும் தொல்லை பொதுத் தொல்லையாகாது. தெருவில் போகிறவர் வருகிறவருக்கோ அக்கம்பக்கத்தில் குடியிருப்பவர்களுக்கோ பொதுவாக இடைஞ்சலாக இருக்க வேண்டும்.

அப்படித் தெருவுக்கே கேடானால், வருவாய்க் கோட்டாட்சியரிடம் போகும் வழி ஒன்று இருக்கிறது. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 133-ஆவது பிரிவாக இருந்து, இப்போது பாரதிய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவில் 152-ஆவது பிரிவாக உள்ளது அது. தொல்லையை நீக்கும்படி உத்தரவிடும் அதிகாரத்தை அது தருகிறது. மத்தியப் பிரதேசத்தின் ரத்லம் நகராட்சி வழக்கில் 1980-இல் நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர் அளித்த தீர்ப்பு இந்தப் பிரிவை வைத்துத்தான் எழுந்தது. பணமில்லை என்று சொல்லி ஒரு நகராட்சி தெருச் சுகாதாரத்தைக் கைவிட முடியாது என்று அந்தத் தீர்ப்பு உறுதியாகச் சொன்னது. குப்பை எடுப்பதில் வரும் குறைகளை, சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி நிரந்தர மக்கள் நீதிமன்றத்துக்கும் கொண்டுபோகலாம். பொதுச் சுகாதாரத் துப்புரவு அந்தச் சட்டத்தில் பொதுப் பயன்பாட்டுச் சேவையாகவே எண்ணப்பட்டிருக்கிறது, நீதிமன்றக் கட்டணமும் கிடையாது. உரிமையியல் நீதிமன்றத்தில் தடையாணை கேட்டு வழக்குப் போடவும் இடமுண்டு. ஆனால் பக்கெட்டுக்காகப் போட்ட வழக்கு, வாய்தா மேல் வாய்தாவாகப் பிள்ளைகள் காலம்வரை இழுபடும்போது, மூல காரணமான பக்கெட் எப்போதோ உடைந்து பழைய சாமான்காரருக்குப் போயிருக்கும்; பகை மட்டும் இருக்கும். என்னைக் கேட்டால் இது கடைசி வழி.

எரிப்பதைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும், ஏனென்றால் பக்கெட்டைவிடப் பெரிய கேடு அதுதான். வண்டி வரவில்லை என்றால் காலிமனையில் போட்டுக் கொளுத்திவிடுவது பல இடங்களில் இன்னும் நடக்கிறது. சருகோடு சேர்ந்து பிளாஸ்டிக் எரியும்போது, அதுவும் பி.வி.சி. கலந்திருந்தால், டையாக்சின் போன்ற நச்சுகள் உண்டாகின்றன. பக்கத்து வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் அந்த இரவு அவருக்கு நரகம். திறந்த வெளியில் குப்பை எரிப்பவருக்கு 5,000 ரூபாயும், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாயும் வசூலிக்கலாம் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. போகியன்று டயரும் பிளாஸ்டிக்கும் எரிப்பதைப் பழக்கம் என்று விட்டுவிடுபவர்கள், பழைய போகியில் எரிந்தது பழைய பாயும் துடைப்பமும் முறமும்தான் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, நிச்சயதார்த்தம் என்று தெருவை அடைத்துப் பந்தல் போடும் நாட்களில் வேறொரு தகராறு. சாப்பாடு முடிந்ததும் எச்சில் இலைகள் மூட்டையாகக் கட்டப்பட்டு, அடுத்த வீட்டுச் சுவரோரம் ஒதுங்கும். நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சிக்கு மூன்று வேலை நாட்கள் முன்பே உள்ளாட்சிக்குத் தெரிவித்து, குப்பையைப் பிரித்துக் கொடுக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்று 2016 விதிகளில் இருந்தது. பத்திரிகை வைக்கும் பட்டியலில் சுகாதார ஆய்வாளரையும் சேர்த்துக்கொண்டால் மறுநாள் காலை மனக்கசப்பு இருக்காது.

தொட்டி எடுக்கப்பட்ட பிறகும் பழைய தொட்டி இருந்த இடத்தில் குப்பை விழுந்துகொண்டே இருப்பதைப் பல தெருக்களில் பார்க்கலாம். அந்தச் சுவருக்குச் சொந்தக்காரர் என்ன செய்கிறார்? சுவரில் சாமி படம் பதித்த டைல்ஸ் ஒட்டுகிறார். பிள்ளையாரும் சிலுவையும் பிறையும் ஒரே வரிசையில் இருக்கும். அந்த இடத்தில் குப்பை விழுவது நின்று, பத்தடி தள்ளி, படம் இல்லாத சுவரடியில் சேர்கிறது. அடுத்து அந்த வீட்டுக்காரர் டைல்ஸ் வாங்கப் போகிறார். கொட்டுகிறவருக்கு வண்டி நேரம் ஒத்துவரவில்லை என்ற அடிப்படைக் காரணம் நீங்காதவரை, குப்பை இடம் மாறுமே தவிரக் குறையாது.

குறைப்பதற்கு வேலூரிலேயே முன்மாதிரி உண்டு. 1989-இல் சென்னையில் எம். பி. நிர்மல் தொடங்கிய எக்ஸ்னோரா, தெருக்காரர்களே சேர்ந்து ஆள் வைத்து, மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாகக் குப்பை வாங்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டுக்குப் பழக்கியது. அந்த வழியில் வேலூர்ப் பகுதியில் வேலை செய்த சி. சீனிவாசன், வேலூர் சீனிவாசன் என்றே வெளியூர்களில் அறியப்படுபவர், குப்பையைக் கழிவாகப் பார்க்காமல் வளமாகப் பார்க்கும் முறையை வகுத்தார்; சத்தீஸ்கரின் அம்பிகாபூர் வரை அது போயிருக்கிறது. அவர் முறையின் உயிர் ஒரு எளிய விஷயத்தில் இருக்கிறது: புதிய குப்பை நாறாது. காய்கறித் தோலை அன்றன்றைக்கே பிரித்து எடுத்துவிட்டால் அது மாட்டுக்குத் தீவனமாகும், எருவாகும். ஒரு கேரிபேக்கில் மூன்று நாள் கட்டி வைத்தால்தான் அது யாரும் தொட விரும்பாத பொருளாகிறது. நம் பாட்டிமார் கழனித் தொட்டி வைத்ததும் இதே கணக்கில்தான்.

வீட்டளவில் இதையே செய்யலாம். ஓட்டை போட்ட மண்பானையில் ஒரு கை காய்கறித் தோலுக்கு ஒரு கை காய்ந்த சருகோ தேங்காய் நாரோ போட்டு மூடி, வாரத்துக்கு இரண்டு முறை கிளறிவிட்டால் இரண்டு மாதத்தில் எருவாகும். சருகு போதாவிட்டால்தான் நாறும். எலும்பையும் மீன் செதிளையும் அதில் போடக் கூடாது. அவற்றை அன்றிரவே வெளியே வைக்காமல் காகிதத்தில் சுற்றி ஃப்ரிட்ஜ் ஃப்ரீசரில் வைத்திருந்து வண்டி வரும்போது கொடுக்கும் வீடுகள் உண்டு. முகம் சுளிக்க வேண்டாம். நாய்ச் சண்டைக்கு இதைவிட நல்ல மருந்து நான் பார்த்ததில்லை. ஈரக் குப்பை தனியே போய்விட்டால் மிச்சமிருக்கும் கவரும் காகிதமும் அட்டையும் ஒரு வாரம் வீட்டுக்குள் இருந்தாலும் யாருக்கும் தொல்லையில்லை.

எங்கள் தெருவில் முடிவு வந்தது வேறு வழியில். பொங்கல் கழிந்து சில வாரம் ஆன பிறகு, தெருவில் எலெக்ட்ரிக் வேலை செய்யும் அண்ணன் ஒருவர் வண்டியோடு வரும் அக்காவையே நிறுத்திக் கேட்டார்: "அக்கா, இவங்க பக்கெட்ட எங்க வெச்சா உங்களுக்குத் தோதா இருக்கும்?" அதுவரை இரண்டு வீட்டுக்காரர்களும் அவரைக் கேட்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை. தரையில் வைத்தால் குனிந்து குனிந்து எடுக்க வேண்டியிருக்கிறது, நெஞ்சுயரத்தில் மாட்டி வைத்தால் எடுத்துக் கவிழ்த்துவிட்டுத் திரும்ப மாட்டிவிட்டுப் போய்விடுவேன் என்றார் அவர். அந்தப் பெண்ணின் வீட்டு கேட் தூணில், பைக்குக்கு மேலே, துளை போட்டு ஒரு கம்பிக் கொக்கி அடித்தார்கள். மூடி இறுகப் பொருந்தும் சின்ன பக்கெட் ஒன்றும் வாங்கினார்கள். நாய்க்கு எட்டவில்லை. அவர் ஆறேகாலுக்குப் பஸ் ஏறிய பிறகும் பக்கெட் அவர் வீட்டு எல்லைக்குள்ளேயே தொங்கியது. அம்மா அதைத் தொடவும் வேண்டியதில்லை, பார்க்கவும் வேண்டியதில்லை.

ஒரு மாதத்துக்குள் அந்த வரிசையில் ஐந்து வீட்டுத் தூண்களில் கொக்கி ஏறியது. அந்த அம்மா தன் வீட்டுத் தூணில் அடிக்கச் சொன்னது கொஞ்சம் தாழ்வாக, தன் கைக்கு எட்டும் உயரத்தில்.